புது போன் வாங்குங்கள், பழையதை அன்றே கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். இப்போதிருக்கும் ஆண்ட்ராய்டு போன் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். எந்நேரமும் 'இடமில்லை' என்கிறது, மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. விவசாயிகள், வியாபாரிகள் என்று எழுநூறு எண்ணூறு நம்பர்கள், வாட்ஸ்அப்பில் எடை, விலை, பாக்கிக் கணக்கு எல்லாம் இதில்தான் இருக்கின்றன. பணம் வாங்குவதும் கொடுப்பதும் யுபிஐயில்தான். 15,000 ரூபாய்க்குள், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, எந்த மாதிரி போன் வாங்கலாம்? பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கடையிலேயே எல்லாவற்றையும் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே கொடுக்காதீர்கள். உங்கள் வியாபாரத்தின் பாதி அந்தப் பழைய போனுக்குள் இருக்கிறது. கடைப் பையன் அரை மணி நேரத்தில் மாற்றித் தருவான், உண்மைதான். ஆனால் எது வந்தது, எது வரவில்லை என்பது உங்களுக்கு நாலைந்து நாள் புழங்கினால்தான் தெரியும். அதற்குள் பழைய போனை அழித்து வேறு கைக்கு அனுப்பியிருப்பார்கள். இவ்வளவு வயதான போனுக்கு எக்ஸ்சேஞ்சில் கிடைப்பதும் சொற்பம். 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' பெரிதாகத் தெரிந்தால், அதே போனை எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் என்ன விலைக்குத் தருவீர்கள் என்று இரண்டு கடையில் கேளுங்கள். வித்தியாசம் எவ்வளவு என்று புரிந்துவிடும்.

பேட்டரி மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால், சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள் என்றே சொல்லியிருப்பேன். 64 ஜிபி நிரம்பி, ராமும் 4 ஜிபி என்னும்போது அந்தச் செலவு வீண். சரி, புதிதாகவே வாங்குங்கள்.

உங்கள் தொழிலுக்கு நான் முதலில் பார்ப்பது கேமராவை அல்ல, ஈரத்தை. மார்க்கெட்டில் பூ மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், உங்கள் கையும் காய்ந்திருக்காது. போனின் தொடுதிரை விரல் பட்டதால் உண்டாகும் மின்னூட்ட மாற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒரு சொட்டு விழுந்தாலே இன்னொரு விரல் பட்டதாகத் திரை நினைத்துக்கொள்ளும். 500 என்று அடிக்கப் போய் 5,000 விழுவது இப்படித்தான். எனவே தொகையை அடித்தபின், பின் நம்பர் போடுவதற்கு முன், தோளில் கிடக்கும் துண்டில் திரையை ஒரு துடை துடைத்துவிட்டுத் தொகையைப் படித்துப் பாருங்கள். எந்த விலை போன் வாங்கினாலும் இந்தப் பழக்கம் தேவை.

ஈரம் உள்ளே போகாமல் இருக்கும் தரத்தை 'ஐபி' என்ற எழுத்தோடு இரண்டு எண்ணாகப் போட்டிருப்பார்கள். ஐபி54 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், வாளிக்குள் விழுந்தால் தாங்காது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். உங்கள் பட்ஜெட்டில் ஐபி54 எளிதாகக் கிடைக்கும், அதற்குக் குறைந்து போகாதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தண்ணீர் போய்க் கெட்டால் பெரும்பாலும் வாரன்டி கிடையாது, பெட்டியில் எந்த எண் இருந்தாலும் சரி. சார்ஜ் போடும் துளை ஈரமாக இருக்கும்போது கேபிளைச் செருகவும் கூடாது.

கைரேகை சென்சார் திரைக்கு அடியில் இருப்பதைவிட, பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பது உங்களுக்குத் தோதாக இருக்கும். துண்டில் ஒரு தடவை தேய்த்தால் போதும். ஒரே கட்டைவிரலை இரண்டு முறை பதிந்துவையுங்கள், ஒன்று காய்ந்த நிலையில், இன்னொன்று ஈரத்தில் ஊறிச் சுருங்கிய நிலையில். வலது கை பூக்கூடையைப் பிடித்திருக்குமே, அதற்காக இடது கட்டைவிரலும்.

அடுத்தது இடம். 128 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள், மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ராம் 8 ஜிபி இருக்கட்டும், கட்டுப்படியாகாவிட்டால் 6. பெட்டியில் '8+8' என்று கொட்டை எழுத்தில் போட்டு '16 ஜிபி ராம் சார்' என்பார்கள். இரண்டாவது 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது, உண்மையான ராம் அளவுக்கு வேகம் இருக்காது. அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். ஸ்டோரேஜ் வகை 'யுஎஃப்எஸ்'ஸா 'இஎம்எம்சி'யா என்றும் கேளுங்கள். யுஎஃப்எஸ் வேகமானது, போன் பழசான பிறகு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். விற்பவருக்குத் தெரியாவிட்டால் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டிருப்பார்கள்.

நீங்கள் ஐந்து வருடம் ஒரே போனை வைத்துக்கொள்கிறவர். அதனால் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்பது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் பணப் பரிமாற்றம் செய்வது நல்லதல்ல. இதில் கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் பெரிய வித்தியாசம் உண்டு. சாம்சங் தன் கேலக்ஸி ஏ16 5ஜி போன்ற பட்ஜெட் மாடலுக்கே 6 வருடம் என்று அறிவித்தது. இரண்டே வருடத்தில் கைகழுவும் மாடல்களும் கிட்டத்தட்ட அதே விலையில் விற்கின்றன. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு எத்தனை வருடம் என்று கேட்டு, அதன்பிறகு விலையைப் பேசுங்கள்.

நிலக்கோட்டை, உசிலம்பட்டிப் பக்கம் தோட்டங்களுக்குப் போய்வருகிறவர் என்றால் சிக்னலும் பார்க்க வேண்டும். ஜியோ சிம் வைத்திருந்தால், போனின் 5ஜி அலைவரிசைப் பட்டியலில் 'என்28' இருக்கிறதா என்று பாருங்கள். அது 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, தூரம் போகும், சுவரையும் தாண்டும். பிஎஸ்என்எல் என்றால் 4ஜி பட்டியலில் பேண்ட் 28 இருக்க வேண்டும். கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 108 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் சாதாரணமாக எடுக்கும்போது ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். மல்லிகை மொட்டைப் படமெடுத்து வியாபாரிக்கு அனுப்ப எந்தக் கேமராவும் போதும்.

பிராண்டின் சர்வீஸ் சென்டர் மதுரையிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போன் ரிப்பேருக்காக மார்க்கெட் நாளில் திருச்சிக்கு ஓட முடியாது. டவுன்ஹால் ரோடு போனாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். 'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் வாங்கவே வேண்டாம். டயலரில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண், வரும். திரையில், பெட்டியில், பில்லில், மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் போன் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தவணையில் வாங்கினால், தவணை தவறும்போது போனையே பூட்டும் ஆப் ஒன்றைச் சில நிதி நிறுவனங்கள் ஏற்றிவிடுகின்றன. தொழில் போனில் அது இருப்பதை நான் விரும்ப மாட்டேன்.

இனி மாற்றுவது. முதலில் நாள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். காரணம் இருக்கிறது. புதுப் போனில் யுபிஐயைப் பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு பொதுவாக 5,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். மோசடியைத் தடுக்கத்தான். ஐபோன் என்றால் இது 72 மணி நேரம்கூட ஆகும். உங்களுக்கு வரும் பணத்துக்கு இந்தத் தடை இல்லை, ஆனால் விவசாயிக்குப் பணம் போட முடியாமல் நிற்பீர்கள். முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்து, வியாபாரம் முடிந்த மதியத்தில் ஆரம்பியுங்கள். மறுநாளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, போன் மாற்றும் அதே நாளில் சிம்மை மாற்றாதீர்கள். அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் செய்யாது, வரவும் செய்யாது. யுபிஐயோ, உங்கள் சிம்மிலிருந்து வங்கிக்கு ஓர் எஸ்எம்எஸ் போனால்தான் புதுப் போனை ஏற்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள் முழுக்கத் தவிப்புதான். 5ஜிக்காகப் புது சிம் வேண்டுமென்று யாராவது சொன்னால், ஜியோவிலும் ஏர்டெல்லிலும் பழைய 4ஜி சிம்மே போதும். சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் அளவுக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிம் இருந்தால், வங்கியில் கொடுத்திருக்கும் நம்பர் எது என்று பார்த்து அதையே தேர்வு செய்யுங்கள்.

முந்தின நாள் இரவே பழைய போனில் காண்டாக்ட்ஸைத் திறந்து, எத்தனை பெயர் கூகுள் கணக்கில் இருக்கிறது, எத்தனை சிம்மில் அல்லது 'போன்' என்ற இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பல வருடம் பழகிய போனில் இவை பிரிந்து பிரிந்துதான் கிடக்கும். 'நிலையூர் முருகன் பூ' என்று நீங்கள் போட்டுவைத்த நம்பர் போனில் மட்டும் இருந்தால் கூகுள் வழியாக வராது. எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு நகர்த்துங்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு தெரியுமா என்பதையும் அப்போதே சோதித்துவிடுங்கள். மகன் எப்போதோ போட்டுக்கொடுத்த கணக்கு என்றால் இங்கேதான் சிக்கும்.

அடுத்து வாட்ஸ்அப். பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகிறது, அங்கே இலவசமாகக் கிடைப்பது மொத்தம் 15 ஜிபிதான். போட்டோ, மெயில், வாட்ஸ்அப் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நிரம்பியிருந்தால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றிருக்கும். செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய்க் கடைசிப் பேக்கப்பின் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியைக் காட்டும் போன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு போனும் கையில் இருப்பதால் உங்களுக்கு டிரைவே தேவையில்லை. பழைய போனில் அதே சாட்ஸ் பகுதியில் 'டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்' இருக்கும். புதுப் போனில் வாட்ஸ்அப்பை ஏற்றி, அதே நம்பரைப் போட்டு, வரும் க்யூஆர் கோடைப் பழைய போனால் ஸ்கேன் செய்தால் சாட்கள் நேராக வந்துவிடும். இரண்டிலும் வைஃபையும் லொக்கேஷனும் ஆன் ஆகியிருக்கட்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அவசரப்பட்டு 'ஸ்கிப்' மட்டும் அழுத்திவிடாதீர்கள். சாட் இல்லாமல் வாட்ஸ்அப் ஆரம்பித்துவிட்டால், இரவு இரண்டு மணி வாக்கில் தானாக ஓடும் பேக்கப், டிரைவிலிருக்கும் பழைய பேக்கப்பின் மேல் வெறும் பேக்கப்பை எழுதிவிடும். இதற்குத்தான் பழைய போன் கையில் இருக்க வேண்டும் என்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் புதுப் போனிலும் பிசினஸ் ஆப்பையே ஏற்றுங்கள்.

மற்ற ஆப்களும் படங்களும் புதுப் போனை முதன்முதலில் ஆன் செய்யும்போதே கேபிளால் இணைத்தால் வந்துவிடும். ரெக்கார்டிங் ஃபோல்டரில் இருக்கும் குரல் பதிவுகள், டவுன்லோடில் கிடக்கும் பில் பிடிஎஃப்கள் ஆகியவை சில சமயம் விட்டுப்போகும். பாக்கிக் கணக்கைக் குரலில் பேசிப் பதிந்து வைக்கிறவர் என்றால் அந்த ஃபோல்டரைத் தனியாகக் காப்பி எடுத்துவிடுங்கள்.

கடைசியாக யுபிஐ. அதே ஆப்பைப் புதுப் போனில் ஏற்றி, அதே நம்பரில் உள்ளே போங்கள். பின் நம்பர் பழையதேதான், கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடும் பழையதேதான், பேசும் ஸ்பீக்கருக்குத் தனி சிம் இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். பின் மறந்திருந்தால் டெபிட் கார்டு தேவைப்படலாம், அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிந்து முடித்ததும் வீட்டிலிருக்கும் யாருக்காவது ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். இந்த நேரத்தில் 'கேஒய்சி முடியவில்லை, இந்த லிங்க்கைத் தொடுங்கள்' என்று வரும் எந்த அழைப்பையும் செய்தியையும் நம்பாதீர்கள், ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரண்டு வாரம், இடையில் ஒரு முகூர்த்தமாவது கடந்த பிறகு, பழைய போனை விற்கலாம். அதற்கு முன் அதிலிருந்து வாட்ஸ்அப்பையும் யுபிஐ ஆப்களையும் நீக்கி, செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை அகற்றி, அப்புறம் 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள். கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கக்கூடும், அப்போது அவர் உங்களைத் தேடிக் கடைக்கு வருவார். மெமரி கார்டு உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள், மறந்துவிடுகிறார்கள். பின்மூடி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், வீட்டில் வைத்திருக்காமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.