மூளை ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட்: சிடி ஆஞ்சியோ சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

அப்பாவின் மூளைத் தமனியில் ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் சிறிய உலோக வலைக்குழாய்) வைத்து ஆறு மாதம் ஆகிறது, சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய் தெரிவதற்காக ‘டை’ என்ற மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ‘உட்புறம் குறுகியிருக்கலாம்’ என்று வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சிடி அறையில் படம் எடுப்பது என் வேலை. அந்த ஒரு வரியை வைத்து ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது என்று பயப்பட வேண்டாம். அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது.

இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்டைப் போலவே இங்கும் இடம் மிகச் சிறியது. நடு மூளைத் தமனியின் விட்டம் சுமார் 3 மி.மீ. வழக்கமான சிடி மெஷின் பிரித்துக் காட்டும் நுணுக்கமோ ஏறக்குறைய அரை மி.மீ. ஸ்டென்ட் கம்பி அதைவிட மெல்லியது. ஆனால் உலோகம் எக்ஸ்ரேயை அதிகம் உறிஞ்சுவதால், படத்தில் கம்பி பருத்துத் தெரியும். இதை புளூமிங் என்போம். சுவர் இரு பக்கமும் பருத்தால் நடுவில் உள்ள வழி, உண்மையில் இருப்பதைவிடக் குறுகலாகத்தான் தெரியும். கூர்மையான கெர்னலில் (விளிம்புகளைத் தெளிவாக்கும் கணக்கீட்டு முறை) படத்தை மறுபடி உருவாக்கி, விண்டோவை (திரையில் காட்டும் கறுப்பு வெள்ளை அளவின் எல்லை) அகலமாக வைத்துப் பார்த்தால் இது குறையும். பதிலுக்கு படத்தில் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான சொரசொரப்பு, கூடும். பக்கத்தில் பிளாட்டினம் காயில் (ரத்தக்குழாய் வீக்கத்தை அடைக்க வைக்கும் மெல்லிய கம்பிச்சுருள்) இருந்தால் கோடு கோடாக நிழல் விழுந்து, சில சமயம் எதுவுமே தெரியாது. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபோட்டான் கவுன்டிங் சிடி (எக்ஸ்ரே துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் புதுவகை மெஷின்), 0.2 மி.மீ. அளவுக்கு நுணுக்கமாகக் காட்டும் என்பதால் இந்த வேலைக்கு நிஜமாகவே பெரிய முன்னேற்றம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘ஸ்டென்ட்டுக்கு அப்பால் டை போயிருக்கிறது’ என்றால் வழி திறந்திருக்கிறது என்று உடனே நினைத்துவிடுகிறோம். மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைந்திருப்பதால், மறுபக்கத்திலிருந்து சுற்றி வந்தும் ரத்தம் அங்கே நிறையலாம்.

எம்ஆர் ஆஞ்சியோ (எம்ஆர்ஐ மெஷினில் எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) எடுத்தால் தெளிவாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. உலோக வலை சிக்னலைக் கெடுப்பதால், திறந்திருக்கும் ஸ்டென்ட்கூட மூடியதுபோல் தெரியலாம்.

ஆகவே ஸ்டென்ட் வைத்தபோது தந்த கார்டையும், அப்போதைய படங்கள் உள்ள குறுந்தகட்டையும் எடுத்துப் போய், ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடமே காட்டுங்கள். பழைய படத்தோடு ஒப்பிடும்போதுதான் இப்போதைய குறுகலுக்கு அர்த்தம் கிடைக்கும். சந்தேகம் தீராவிட்டால் டிஎஸ்ஏ (கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய்க்குள் செலுத்தி, டை விட்டு எடுக்கும் எக்ஸ்ரே படம்) செய்வார்கள். கதீட்டர் உள்ளே போவதால் அதில் சிறிய அளவில் பக்கவாத ஆபத்து உண்டு. தேவை இருந்தால் மட்டுமே செய்வது அதனால்தான்.

அதுவரை ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாய் கோணுதல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் என எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.