“இருபது ஆயிருச்சுப்பா”

வணக்கம் ஐயா,

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். மகனுக்கு 11 வயது, ஒரு கிளப்பில் பேஸ்பால் ஆடுகிறான். போன மாதம் பினாங்கில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு நாள் போட்டி. லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பாலை நடத்தும் அமெரிக்க அமைப்பு) விதிப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். குடும்பத்தோடு கிளம்பினோம். தண்ணீர்மலை முருகனையும் பார்த்துவிடலாம் என்று மாமியாரும் கூட வந்தார்.

சனிக்கிழமை காலை முதல் ஆட்டம். மகன்தான் பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவன். ஐந்து பேரை அவுட் ஆக்கினான், அதில் நாலு பேர் ஸ்ட்ரைக் அவுட், மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியே போனவர்கள். நாங்கள் 4-0 முன்னிலை. திடீரென்று பயிற்றுநர் அவனை ரைட் ஃபீல்டில் ஃபீல்டிங் செய்ய அனுப்பிவிட்டு வேறொரு பையனிடம் பந்தைக் கொடுத்தார். அந்தப் பையன் வரிசையாக வாக் கொடுத்தான், பேட்டர்கள் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனார்கள். 6-5 என்று தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை இடி, மழை. ஆட்டமே நடக்கவில்லை.

என் கணவருக்குக் கோபம் அடங்கவே இல்லை. லீவு, ஹோட்டல், டோல், பெட்ரோல் எல்லாம் போட்டு இந்த அரை மணி நேரத்துக்கா வந்தோம் என்றார். “நம்ம பிள்ளைன்னுதான் தூக்கிட்டாங்க” என்று திரும்பும் வழியில் தாப்பா வரைக்கும் அதே பேச்சு. மகன் பின் சீட்டிலிருந்து “இருபது ஆயிருச்சுப்பா” என்று ஏதோ சொன்னான், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது தினமும் வேலை முடிந்து வந்ததும் மகனை ஃப்ளாட்டுக்குக் கீழே நிறுத்தி நூறு பந்து போட வைக்கிறார். இனி யாரும் அவனை எடுக்க முடியாதபடி ஆக்கிக் காட்டுகிறேன் என்கிறார். கிளப்பை மாற்றிவிடலாமா?

பெயர் வேண்டாம்,
செந்தூல்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் காரின் பின் சீட்டிலிருந்தே வந்துவிட்டது. “இருபது ஆயிருச்சு” என்று பையன் சும்மா சொல்லவில்லை.

லிட்டில் லீக்கில் ஒரு பிட்சர் ஒரு நாளில் இத்தனை பந்துதான் போடலாம் என்று வரம்பு உண்டு. 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. இது பல பெற்றோருக்குத் தெரியும். தெரியாமல் போவது ஓய்வு நாள் கணக்கு. ஒரு நாளில் 20 பந்துக்குள் நிறுத்திக்கொண்டால் மறுநாளே மறுபடி பிட்ச் செய்யலாம். 21 ஆகிவிட்டால் நடுவில் ஒரு நாள் ஓய்வு. 36 ஆனால் இரண்டு நாள், 51 ஆனால் மூன்று, 66ஐத் தொட்டால் நாலு நாள். ஸ்ட்ரைக், பால் (தப்பான பந்து), ஃபவுல் (அடித்தும் கோட்டுக்கு வெளியே போன பந்து) எல்லாமே இதில் சேரும். வார்ம்-அப் பந்துகள் மட்டும் சேராது.

உங்கள் போட்டி சனி, ஞாயிறு. அடுத்த பேட்டருக்கு இன்னும் ஒரு பந்து போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் பிட்சர் இல்லை. பயிற்றுநர் அவனை நாளைக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். ஒருமுறை பிட்சர் இடத்திலிருந்து எடுத்தவனை அதே ஆட்டத்தில் மறுபடி பிட்ச் செய்யவும் விட முடியாது. அதனால்தான் ஆட்டம் கைநழுவிப் போனபோதும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“நம்ம பிள்ளைன்னுதான்” என்ற பேச்சை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். திறமை இருந்தும் பெயர்ப் பட்டியலின் அடியிலேயே நின்றுவிட்ட பிள்ளையின் கதை இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் இருக்கிறது. அதனால் எது நடந்தாலும் அந்தச் சந்தேகம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் வேண்டாத பிள்ளையிடம் முதல் ஆட்டத்தின் முதல் பந்தை யாரும் கொடுப்பதில்லை. வேண்டாதவன் என்றால் 85 வரை போட விட்டு, மறுநாள் பெஞ்சில் உட்கார வைப்பது எவ்வளவு சுலபம்! சரியாக இருபதில் நிறுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு பந்தையும் யாராவது எண்ணிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஆட்டக் கணக்காகப் பார்த்தால் எனக்கும் பயிற்றுநரோடு சண்டை உண்டு. இந்த வயது ஆட்டத்தில் 4-0 எல்லாம் ஒரு முன்னிலையா? இரண்டு வாக், கைநழுவிய ஒரு பந்து, கணக்கு தலைகீழாகிவிடும். நானாக இருந்தால் கையிலிருக்கும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் நாளையைப் பற்றி யோசித்திருப்பேன். அதிலும் பினாங்கு வானத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் பிடிப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். சரி, அது உங்கள் கணவரும் அவரும் ஒரு தே தாரிக் டீயோடு உட்கார்ந்து வாதாட வேண்டிய விஷயம். ஓரவஞ்சனை என்பது வேறு விஷயம். பயிற்றுநர் மேல் எனக்குள்ள குறை, பையனுக்குச் சொன்னதைப் பெற்றோருக்குச் சொல்லவில்லை என்பதுதான். ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்களுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது உங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே நடக்கும் நூறு பந்து. அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்தால் ஒரு எலும்புமேடு தட்டுப்படும். முன்கைத் தசைகளும் முழங்கையைப் பிடித்து வைத்திருக்கும் தசைநாரும் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்த மேடு இன்னும் முழு எலும்பாகச் சேர்ந்திருக்காது. நடுவில் குருத்தெலும்பில் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும். ஓங்கி எறியும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் இழுபடுகிறது. பெரியவர்களுக்குத் தசைநார் கிழியும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பலவீனமான வளர்ச்சித் தட்டு முதலில் விட்டுக்கொடுக்கும். இதற்கு ‘லிட்டில் லீகர்ஸ் எல்போ’ என்றே பெயர்.

பெரியவர்கள் கதையும் பேஸ்பாலில் பிரபலம். 1974இல் டாமி ஜான் என்ற டாட்ஜர்ஸ் அணி பிட்சருக்கு முழங்கைத் தசைநார் கிழிந்தது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய இன்னொரு கையிலிருந்து, தசையை எலும்போடு இணைக்கும் ஒரு நாணை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். ஜான் 1976இல் திரும்பி வந்து ஆடினார், அந்த அறுவைக்கு இன்றும் டாமி ஜான் பெயர்தான். இப்போது அமெரிக்காவில் பள்ளி மாணவர்களே அதற்காக அறுவை மேஜையில் படுக்கிறார்கள். முன்பு லிட்டில் லீக்கில் இன்னிங்ஸைத்தான் எண்ணினார்கள், 2007இலிருந்து பந்தை எண்ணுகிறார்கள். 9 முதல் 14 வயது வரையுள்ள 481 பிட்சர்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. ஆண்டுக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்குக் கடுமையான காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்றது அது. உங்கள் கணவர் கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால், இங்கிலாந்தில் சிறுவர் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஓவர் வரம்பு வைத்திருப்பதைச் சொல்லுங்கள். சட்டென்று புரிந்துகொள்வார்.

விதியெல்லாம் திடலோடு சரி. வீட்டுக்குக் கீழே போடுகிற நூறை எண்ண ஆள் கிடையாது. ஒரு நாளைக்கு 85க்கு மேல் கூடாது, அதற்கே நாலு நாள் ஓய்வு என்று விதி சொல்கிற வயதுப் பிள்ளை, தினமும் நூறு போடுகிறான்.

எங்கே வலிக்கிறது என்று மகனை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். முழங்கையின் உள்பக்கம் காட்டினால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். தைலம் தேய்த்துவிட்டு மறுபடி போடச் சொல்ல வேண்டாம். வலியே இல்லை என்றாலும் சில வாரம் எறிவதை விடட்டும். அப்பாவுக்கு மாலையில் மகனோடு நிற்க ஆசையென்றால் தரையில் பந்தை உருட்டிவிட்டுப் பிடிக்க வைக்கலாம், பேட்டிங் பார்க்கலாம், ஓட விடலாம். இவ்வளவு அக்கறையுள்ள மனிதருக்குப் போட்டியிலும் ஒரு வேலை கொடுங்கள். முஸ்லிம்கள் தஸ்பீஹ் ஜெபம் எண்ணுவதற்கு விரலில் மாட்டிக்கொள்ளும் சின்ன கவுண்டர் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பந்தை எண்ணட்டும். வாயும் கொஞ்சம் சும்மா இருக்கும்.

மாமியார் விஷயம் தனி. தண்ணீர்மலையில் ஐந்நூறு படிக்கு மேல், வெயிலுக்கு முன் ஏறியாக வேண்டும். காலை ஆட்டம் உள்ள நாளில் அது நடக்கிற காரியமா? அவருக்காகவே ஒருமுறை போய் வாருங்கள், பேஸ்பால் பையை வீட்டில் வைத்துவிட்டு.

அப்புறம் கிளப். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பயிற்றுநருக்கு ஒரு வாட்ஸாப் அனுப்புங்கள். அன்று மகன் எத்தனை பந்து போட்டான், ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன திட்டம் வைத்திருந்தார், பயிற்சியில் வாரத்துக்கு எத்தனை பந்து போட விடுகிறார் என்று கேளுங்கள். கேள்வியாக இருக்கட்டும், புகார் வாசனை வேண்டாம். வீட்டில் போட்ட நூறு நூறையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். எண்ணிக்கையோடு பதில் வந்தால் அவரை விடாதீர்கள். “நீங்க கவலைப்படாதீங்க மேடம்” என்று மட்டும் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கிளப் மாற்றுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.