கால்பந்து மைதானம் அமைக்கிறோம், எதிலிருந்து தொடங்குவது?

கேட்டவர் ஊரில் சுமார் இரண்டரை ஏக்கர் நிலம் கிடைக்கும்போலிருக்கிறது. என்ன புல் போடலாம், கோல் கம்பம் என்ன விலை என்று விசாரித்திருக்கிறார். அந்த விசாரணையை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். மைதானத்தில் முதல் பணம் மண்ணுக்குள் போக வேண்டும். எங்கள் ஊர் மைதானத்தைச் சீரமைத்த குழுவில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: கேலரிக்கு நன்கொடை தர ஆள் வருவார்கள், ஏனென்றால் அதில் பெயர் பொறிக்கலாம். வடிகாலுக்கு யாரும் வர மாட்டார்கள்.

நிலத்தின் வகையை வருவாய்ப் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள். ஏரி, குளம் சார்ந்த புறம்போக்கு என்றால் எண்ணத்தையே கைவிடுவது நல்லது. வழக்கும் வரும், தண்ணீரும் வரும்.

பன்னாட்டு ஆட்டங்களில் வழக்கமான அளவு 105க்கு 68 மீட்டர். சுற்றிலும் ஐந்து மீட்டர் ஓட்ட இடம் விட்டால் 115க்கு 78, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் ஏக்கர். பரப்பு இருந்தாலும் நிலம் கோணல்மாணலாக இருந்தால் இது அடங்காது. அதற்காக வருந்த வேண்டாம். ஆட்ட விதிகள் பொதுவாக 90 முதல் 120 மீட்டர் நீளத்தையும் 45 முதல் 90 மீட்டர் அகலத்தையும் ஏற்கின்றன. ஓட்ட இடத்தைத் தின்று ஆடுகளத்தைப் பெரிதாக்குவதைவிட, சிறிய களமே மேல். வேகமாக ஓடிவரும் பையன் சுவரில் மோதக் கூடாது.

கோல் கம்பங்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும். கிழக்கு மேற்காக அமைத்தால், மாலை ஆட்டத்தில் மேற்கே பார்த்து நிற்கும் கோல்கீப்பருக்குப் பந்து தெரியாது, சூரியன்தான் தெரியும்.

இனி முக்கியமான விஷயம், வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடும் சரிவு. மைதானம் மட்டப்பலகையாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஐப்பசி மழையில் நடுக்களத்தில் தண்ணீர் கட்டும். ஒரு கோலிலிருந்து மறு கோல்வரை நீளவாக்கில் போகும் நடுப்பகுதியிலிருந்து இரு பக்கவாட்டுக் கோடுகளுக்கும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு வேண்டும். 68 மீட்டர் அகலத்தில் நடுப்பகுதி ஓரத்தைவிட 34 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். ஆடும்போது காலுக்கே தெரியாது. ஓரங்களில் வாய்க்கால் வெட்டி, அதற்கு ஒரு போக்கிடமும் காட்டுங்கள். ஜேசிபி ஓட்டுபவர் கண்பார்வையில் "மட்டம் சரிதான்" என்பார். நம்பாதீர்கள். குச்சி நட்டு, நூல் கட்டி, தண்ணீர் நிரப்பிய டியூப்பால் நீங்களே பாருங்கள்.

பெரிய மைதானங்களில் அடியில் ஜல்லியும் துளையிட்ட குழாய்களும் வைத்து, மேலே ஓரடி கனத்துக்கு மணல் கலவை போடுவார்கள். ஊர் மைதானத்துக்கு அவ்வளவு தேவையில்லை, வாட்டம் ஒழுங்காக இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. கரிசல் மண் மட்டும் விதிவிலக்கு. கோடையில் பிளந்து கணுக்காலைப் பதம் பார்க்கும். மேல்மண்ணை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மணலும் கொட்டியே ஆக வேண்டும். கொட்டும் மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, நீர் தெளித்து ரோலர் ஓட்டுங்கள். கடைசி அடுக்கை மட்டும் இறுக்க வேண்டாம். அங்கேதான் வேர் இறங்க வேண்டும்.

புல்லுக்கு வெளியூர் நர்சரியைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வெப்ப நாடுகளின் மைதானங்களில் பெர்முடா என்ற பெயரில் வளர்வது பெரும்பாலும் நம் அருகம்புல்லோ அதன் கலப்பினமோதான். மண்வேலையைக் கோடைக்குள் முடித்து, ஆடியில் தண்டுகளை நட்டால் பெருமழைக்கு முன் பிடித்துக்கொள்ளும். அதுவரை ஆடு மாடுகளையும் ஆட்டக்காரர்களையும் உள்ளே விடாதீர்கள். இரண்டாவது கூட்டம்தான் சிரமம்.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். முழு அளவுக் களத்துக்கு ஒரு முறை ஐந்து மில்லிமீட்டர் பாய்ச்சினாலே 35,000 லிட்டருக்கு மேல் ஆகும். கிணறோ போர்வெல்லோ இல்லாமல் லாரித் தண்ணீரை நம்பிப் புல் போடுவது வீண். அந்த நிலையில் நன்றாக இறுக்கிய செம்மண் களமே போதும். எத்தனையோ பேர் அதில் ஆடித்தான் வளர்ந்தார்கள்.

கோல் கம்பம் உட்பக்க அளவில் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். கான்கிரீட் போட்டு ஊன்றுங்கள். ஊன்றாத கம்பம் சாய்ந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம், வியர்வையோடு சேர்ந்தால் தோலையும் கண்ணையும் அரிக்கும். சாக்குக்கட்டித் தூள் போதும்.

நிலத்தின் நீள அகலம், மண் வகை, அருகில் கிணறு உண்டா என்பதைக் கருத்தில் எழுதுங்கள். களத்தை எப்படி வைக்கலாம் என்று வரைந்து காட்டுகிறேன்.