லாட்டரி அடித்த பிறகு பழைய டிரேடை எடைபோடுவது எப்படி? என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கேள்வி பதில்

அண்ணா, 2025 டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) டல்லாஸுக்கு முதலிடத்தில் கூப்பர் ஃபிளாக் கிடைத்துவிட்டார். அப்படியென்றால் லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்தது சரிதானே?

இல்லை தம்பி. 2025 பிப்ரவரியில் கைமாறியதை முதலில் எழுதிப் பாருங்கள். டல்லாஸ் வாங்கியது ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029 முதல் சுற்று பிக் (டிராஃப்டில் தேர்ந்தெடுக்கும் உரிமை). இதில் ஃபிளாக் எங்கேயும் இல்லை. அவரை எடுத்தது டல்லாஸின் சொந்த பிக்கில். 39-43 (39 வெற்றி, 43 தோல்வி) என்று முடித்து, பிளே-இன்னில் (பிளேஆஃபுக்கான தகுதிச் சுற்று) மெம்ஃபிஸிடம் தோற்று, முதலிடத்துக்கு 1.8% வாய்ப்போடு லாட்டரிக்கு (பிளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்கான டிராஃப்ட் குலுக்கல்) போனார்கள். சிகாகோவும் 39-43தான். சமன் முறிப்பில் டல்லாஸ் ஜெயித்ததால் குலுக்கலின் ஆயிரம் பந்துச் சேர்க்கையில் 18 அவர்களுக்கு, 17 சிகாகோவுக்கு.

டிரேடுக்கு மதிப்பெண் போட வேண்டியது அன்றைய சரக்கை வைத்துத்தான். லூக்கா 25 வயது ஆட்டக்காரர், முந்தைய ஜூனில் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனவர். பதிலுக்கு 31 வயது டேவிஸ், கூட ஒரே ஒரு முதல் சுற்று பிக். லேக்கர்ஸ் கையில் 2031 பிக்கும் இருந்தது. சில நாளிலேயே அதை சென்டர் ஆட்டக்காரர் மார்க் வில்லியம்ஸுக்காக சார்லட்டிடம் நீட்டினார்கள் (மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அந்த டிரேடை ரத்து செய்ததும் அவர்களே). ஒரு சென்டருக்குக் கொடுக்கத் தயாராக இருந்ததை லூக்காவுக்குக் கேட்டு வாங்கவில்லை. குறை அங்கேதான். 1.8% அதைத் துடைத்துவிடாது.

ஆனால் சார், லூக்கா இருந்திருந்தால் லாட்டரிக்கே வந்திருக்க மாட்டார்களே? அப்போது டிரேடால் கிடைத்தவர்தானே ஃபிளாக்?

நல்ல மடக்கு. தொடர்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அணி சரிந்ததற்கு டிரேட் மட்டும் காரணமில்லை. டேவிஸ் டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டார். மார்ச் 3-ல் கைரி எர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. டிரேடின் நோக்கம் உடனே ஜெயிப்பது, தோற்று லாட்டரிக்குப் போவது இல்லை. தாராளமாகக் கணக்குப் போட்டாலும், ஃபிளாக்கின் மதிப்பில் 1.8 சதவீதத்தைத்தான் டிரேடின் வரவில் வைக்கலாம். முழு ஃபிளாக்கையும் வைத்தால் அது கணக்கே இல்லை.

இந்தச் சேர்க்கை, பந்து விஷயம் புரியவில்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1 முதல் 14 வரை எண்ணிட்ட 14 பந்துகள். நான்கு எடுப்பார்கள், வரிசை முக்கியமில்லை. மொத்தம் 1001 சேர்க்கை. ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000-ஐ அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140, அதாவது 14%. அதற்கு முன் கடைசி அணிக்கு 25%. குலுக்கல் முதல் நான்கு இடத்துக்கு மட்டும். மீதி வெற்றி-தோல்விக் கணக்குப்படி. அதனால்தான் 2025-ல் 17-65 என்று எல்லோருக்கும் கீழே முடித்த யூட்டா ஐந்தாம் இடத்துக்குப் போனது.

ஒரே டிரேடில் அதிகம் வயிறெரிந்தது யாருக்கு?

கிளிப்பர்ஸ், 2011. பேரன் டேவிஸின் மீதி ஒப்பந்தத்தைத் தலையிலிருந்து இறக்கிவைக்க, அந்த வருட முதல் சுற்று பிக்கையும் சேர்த்து கிளீவ்லாந்துக்கு அனுப்பினார்கள். வாங்கியது மோ வில்லியம்ஸ், ஜமாரியோ மூன். பிக்குக்கு எந்தப் பாதுகாப்பும் (குறிப்பிட்ட இடத்துக்குள் வந்தால் கொடுத்த அணியிடமே தங்கும் என்ற நிபந்தனை) கிடையாது. 32-50 என்று முடித்தார்கள், முதலிட வாய்ப்பு 2.8%. அதுவே வந்தது. கிளீவ்லாந்து அதில் கைரி எர்விங்கை எடுத்தது.

இங்கே இரண்டைப் பிரிக்க வேண்டும். சம்பளச் சுமையைக் குறைக்க ஒரு பிக் கொடுப்பது அன்றைக்கு நியாயமான விலைதான். பாதுகாப்பு கேட்காததுதான் தவறு. டாப்-1 பாதுகாப்பு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எதிரணி இழப்பது 2.8% வாய்ப்பு, அவ்வளவே. மலிவான காப்பீடு. பந்து வேறு மாதிரி விழுந்து பிக் எட்டாம் இடத்திலேயே நின்றிருந்தாலும் இந்தத் தவறு தவறுதான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று: "கைரி அவர்களிடம் இருந்திருந்தால்" என்று நீட்டாதீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் எரிக் கோர்டன், கேமன், அமீனு, மினசோட்டாவின் பிக் கொடுத்து கிறிஸ் பாலை வாங்கினார்கள். கைரி இருந்தால் அந்த டிரேட் எப்படி மாறியிருக்கும் என்று யார் சொல்வது?

பாதுகாப்பு எந்த எண்ணில் வைக்க வேண்டும்?

உங்கள் அணி மோசமாகப் போனால் எந்த இடத்தில் வலிக்கும் என்பதைப் பொறுத்தது. ஃபிலடெல்ஃபியா 2020-ல் ஹார்ஃபோர்டை ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பியபோது 2025 பிக்கையும் கொடுத்தது, டாப்-6 பாதுகாப்போடு. 24-58 என்று விழுந்தார்கள். ஐந்தாவது மோசமான அணி. பிக் தங்களிடமே தங்குவதற்கு சுமார் 64% வாய்ப்பு. மூன்றாவது இடம் வந்து விஜே எட்ஜ்கோம்பைத் தூக்கினார்கள். டாப்-4 என்று எழுதியிருந்தால் அந்த 64, 42 ஆக இறங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: பாதுகாப்பால் கடன் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். எதிர்காலத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் முதல் சுற்று பிக் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது ஸ்டெபியன் விதி. பாக்கி நிற்கும்வரை மற்ற பிக்குகளையும் விற்க முடியாமல் கை கட்டப்படும்.

நெட்ஸ்-பாஸ்டன் 2013?

இதில் அதிர்ஷ்டத்தை இழுக்காதீர்கள். பாஸ்டனின் கார்னெட், பியர்ஸுக்காக நெட்ஸ் கொடுத்தது பாதுகாப்பில்லாத மூன்று பிக், 2017-ல் பிக் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. 2017-ல் நெட்ஸ் 20-62, கடைசி இடம். 25% வாய்ப்புள்ள அணிக்கு முதலிடம் வந்தது. 2016-ல் மூன்றாவது மோசமான அணி, மூன்றாவது பிக். அன்றே தெரிந்த அபாயம்.

2003 டிராஃப்டில் டெட்ராய்ட் டார்கோ மிலிசிச்சை எடுத்ததை எதில் சேர்ப்பது?

டிரேடில் சேர்க்காதீர்கள். 1997-ல் ஓடிஸ் தோர்ப்பை வான்கூவருக்குக் கொடுத்து வாங்கிய பிக் அது. 2003-ல் அதற்கு முதலிடப் பாதுகாப்பு மட்டுமே மிச்சம். குலுக்கலில் கடைசியாக நின்றது கிளீவ்லாந்தும் மெம்ஃபிஸுக்கு இடம்பெயர்ந்திருந்த அதே வான்கூவர் அணியும். லெப்ரான் கிளீவ்லாந்துக்கு, இரண்டாவது பிக் டெட்ராய்ட்டுக்கு. வயதான ஒரு ஆட்டக்காரருக்கு இரண்டாவது பிக் என்றால் டிரேட் அபாரம். கார்மெலோ, பாஷ், வேட் மூவரும் இருக்கும்போது டார்கோவை எடுத்தது டிராஃப்ட் அறையின் தப்பு. மறுவருடம் டெட்ராய்ட் கோப்பை வென்றதால் அந்தத் தப்பும் சரியாகிவிடாது.