‘விழுங்கினாலும் செரிக்கும்’ மணலை வாங்கலாமா?

கேள்வி: லெப்பர்ட் கெக்கோ என்ற செல்லப் பல்லி ஒன்று வளர்க்கிறோம். கூண்டுத் தரையில் போடுவதற்குக் கால்சியம் மணல் விற்கிறார்கள். ‘விழுங்கினாலும் செரித்துவிடும்’ என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா? ஒருவேளை வயிறு அடைத்துக்கொண்டால், மாமியார் மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் இசப்கோலைக் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

அந்த மணல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள். ஒரு சிட்டிகை வயிற்று அமிலத்தில் கரையும், உண்மைதான். ஆனால் கரையக் கரைய அந்த அமிலத்தையே அது முறித்துவிடும். மிச்சம் குடலில் சேர்ந்து இறுகலாம். ஒரு ஸ்பூன் மணலில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள், பல பாக்கெட்டுகளில் உருண்டையாகவே பிடிபடும். போதாததற்கு, உடம்பில் கால்சியம் குறைந்த பல்லி அதைத் தேடி நக்கித் தின்னும். விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லும் ‘கால்சியம்’தான் இங்கே வம்பு. தரைக்கு டிஷ்யூ பேப்பரோ சொரசொரப்பான டைல்ஸோ போதும். கால்சியத்தை இரையின் மேல் தூவிக் கொடுங்கள்.

மிச்சமாகும் காசைச் சூட்டுக்குச் செலவிடுங்கள். அடைப்புக்கு மணலை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊர்வனவற்றுக்கு வெளிச்சூடு இல்லாவிட்டால் செரிமானமே மந்தமாகிவிடும். கெக்கோ படுக்கும் சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஹீட் மேட் (கூண்டுக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) வாங்கினால், சூடு அளவை மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டும் சேர்த்தே வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி தரைச் சூட்டைக் காட்டாது. ஒயர் முனையைத் தரையில் வைத்து அளக்கும் டிஜிட்டல் வகையைக் கேளுங்கள்.

சரி, இசப்கோல். அது தண்ணீரை உறிஞ்சி ஊதும் பொருள். அடைத்த குடலுக்குள் ஊதினால் என்ன ஆகும்? எண்ணெய் புகட்டுவதும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடலாம். கெக்கோ சாப்பிடாமல், கழியாமல், வயிறு வீங்கித் தெரிந்தால் முதலில் சூட்டைச் சரிபாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், வயிறு மட்டும் நனையும் ஆழத்தில், சில நிமிடம் விடலாம். அதற்கும் கழியவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கால்சியம் மணல் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும்.

அப்புறம், உங்கள் மாமியார் விஷயம். இசப்கோலை ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்குகிறாரா? தொண்டையிலேயே ஊதிச் சிக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் முழு டம்ளர், சுமார் 240 மில்லி, குடிக்க வேண்டும். விழுங்கவே சிரமப்படுபவர் என்றால் அதைத் தொடவே கூடாது. வாந்தி, வயிறு உப்புசம், கடும் வலி, காற்றுகூடப் பிரியாத நிலை என்றால் அது சாதாரண மலச்சிக்கல் இல்லை, குடல் அடைப்பாக இருக்கலாம். பேதி மருந்து எதுவும் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

மணலை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பிரிக்காமல் ரசீதோடு திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். மறுத்தால், ‘செரிக்கும்’ என்பதற்கு என்ன ஆதாரம் என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.