மூவ் செய்த பயனர்கள் பழைய சர்வருக்கே திரும்புவது

உங்கள் மூன்று டவ்காட் (மின்னஞ்சல்) சர்வர்களில் முதலாவது மட்டும் திணறுகிறது, ‘டவ்அட்ம் டைரக்டர் மூவ்’ கட்டளையால் வேறு சர்வருக்கு மாற்றியவர்களும் மறுநாள் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள் என்கிறீர்கள். டைரக்டர் என்பது பயனர்களைச் சர்வர்களுக்குப் பங்கிடும் பகுதி. டவ்காட் 2.4-இல் அது நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே இங்கே சொல்வது 2.3 வரையிலான பதிப்புகளுக்கு. அது பழுதல்ல, மூவ் தற்காலிக ஒதுக்கீடுதான். பயனரின் கடைசி இணைப்பு மூடி 15 நிமிடம் (இயல்பு மதிப்பு) ஆனால் அது காலாவதியாகும். அடுத்த லாகினில் பயனர்பெயரின் ஹாஷ்தான் (பெயரிலிருந்து கணக்கிடும் எண்) இடத்தை முடிவுசெய்யும்.

ஆட்களை நகர்த்துவதை விட்டு, சர்வரின் எடையை (அதற்கு எவ்வளவு பங்கு பயனர்கள் என்பதை) மாற்றுங்கள். ‘டைரக்டர் ஆட்’ கொடுத்து, முதல் சர்வரின் ஐபி, பக்கத்தில் 50. மற்ற இரண்டும் இயல்பான 100-லேயே இருக்கட்டும். அதன் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாக இறங்கும். பராமரிப்புக்கு என்றால் 0 கொடுங்கள், புதிதாக யாரும் வரமாட்டார்கள்.

பலன் உடனே தெரியாது. புது அஞ்சலுக்காக இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் ஐமேப் ஐடிலில் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் கைபேசிகளுக்குக் காலாவதியே வராது. ‘டைரக்டர் ஸ்டேட்டஸ்’ உடன் பயனர்பெயரைக் கொடுத்தால் இப்போதைய சர்வர், ஹாஷ் காட்டும் சர்வர் இரண்டும் வரும். வேறுபட்டால் அவரை ஹாஷ் காட்டும் இடத்துக்கே மூவ் செய்யுங்கள், அங்கேயே நிலைப்பார்.

அவசரத்தில் எல்லா ஒதுக்கீடுகளையும் அழிக்கும் ஃப்ளஷ் கட்டளையை மைனஸ் எஃப் சேர்த்து மட்டும் ஓட்டாதீர்கள். பழைய இணைப்பு அறுபடாமலே ஒதுக்கீடு அழிந்துவிடும். ஒரே அஞ்சல்பெட்டியை இரண்டு சர்வர்கள் தொட்டால் என்எஃப்எஸ்-இல் (சர்வர்கள் பகிரும் பிணையச் சேமிப்பில்) இண்டெக்ஸ் கோப்புகள் கெடும்.