1967 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பம்பர் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் ஐந்தடிப் பெட்டிக்குக் கப்பல் கூலியும் சுங்கமும் கட்டுபடியாகவில்லை. கோவையிலேயே எவர்சில்வரில் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாங்க. ஆனால் ஒரே டிங்கர் பட்டறையில் மொத்த வேலையையும் விட்டுவிட்டு வராதீர்கள். இந்தப் பம்பர் ஒரு வகையில் காரை விட அண்டாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். தகட்டை வளைத்து, ஓரத்தை மடித்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏற்றும் வேலை அது. அளவெடுப்பதை நீங்களே செய்யுங்கள். தட்டலையும் ஆர்கான் வெல்டிங்கையும் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஷீட் மெட்டல் கை உள்ளவரிடம் கொடுங்கள். பாலிஷுக்குத் திருப்பூர் அனுப்பர்பாளையம் போங்கள். தலைமுறையாகப் பாத்திரம் தேய்த்த கைகள் அங்கே இருக்கின்றன.

எம்.ஜி.பி.யில் 1974 இலையுதிர்காலத்துக்குப் பிறகு வந்தவை கறுப்பு ரப்பர் பம்பர் வண்டிகள். உங்களுடையது அதற்கு முந்தைய குரோம் பம்பர் என்பதால் தகட்டு வேலை மட்டும்தான்.

பழைய பம்பரை அச்சாக வைத்து அப்படியே பிரதி எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அறுபது வருஷத்தில் எத்தனை சுவரில் இடித்ததோ, அந்தக் கோணல் புதுசிலும் வந்துவிடும். அளவைக் காரிலிருந்து எடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயருக்கும் சரியான காற்று அடித்து, நடுக்கோட்டுக்குத் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் 10 செ.மீ.க்கு ஒரு அட்டை வெட்டி, பாடியின் வளைவைப் பிடியுங்கள். அந்த அட்டைகளை 12 மி.மீ. பிளைவுட்டில் வரைந்து அறுத்து, வரிசையாக ஒரு பலகை மேல் நிறுத்தினால் மரச்சட்டம் தயார். பாடிக்கும் பம்பருக்கும் நடுவில் முக்கால் அங்குலம், அதாவது ஆறு நூல், எல்லா இடத்திலும் ஒன்றுபோல வருகிற மாதிரி சட்டத்தை அமையுங்கள்.

இடது வலது இரண்டு நூல் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடலாம். கண்ணுக்குத் தெரிவது இடைவெளிதான், அளவு இல்லை. நான்கு நூலுக்கு மேல் போனால் பம்பர் வேலையை நிறுத்திவிட்டு, பம்பரைத் தாங்கும் பிராக்கெட் உட்காரும் சேசிஸ் முனை வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தகடு 304 கிரேடு, 1.5 மி.மீ. எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ வரும். முன், பின் இரண்டுக்கும் போதும், ஒரு முனை வீணானாலும் மிச்சமிருக்கும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்காதீர்கள். கைப்பிடிக் கம்பிக் கடைகளில் ஓடும் 202-லும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், இரண்டு மழைக்காலத்தில் தேநீர்க் கறை மாதிரி துரு பூக்கும். சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டைத் தகட்டில் விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்தால், சிவப்பது 200 வரிசை. தகட்டில் எந்த உலோகம் எவ்வளவு என்று ஆலை தரும் மில் சர்டிபிகேட்டும் கேளுங்கள். தட்டி முடித்த பிறகு மூலைகளில் காந்தம் லேசாக இழுக்கும். அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், குளிர்ந்த நிலையில் தட்டினால் 304 அப்படித்தான்.

ஒரே துண்டாகச் செய்யப் பார்க்காதீர்கள். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒவ்வொன்று என மூன்று துண்டு. இணைப்பை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். ஓவர்ரைடர், அதாவது பம்பர் மேல் செங்குத்தாக நிற்கும் கொம்பு, உட்காரும் இடத்துக்கு நேர் பின்னால் வையுங்கள். தையல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது மறைத்துவிடும். முதலில் துத்தநாகம் பூசிய மெல்லிய 24 கேஜ் ஜி.ஐ. தகட்டில் மூன்று துண்டையும் வெட்டிச் சட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் 304-ஐத் தொடுங்கள். நடுத்துண்டின் மேடு இரண்டு உருளைக்கு நடுவே தகட்டை உருட்டி வளைக்கும் இங்கிலீஷ் வீலில் வரும். மூலைக்கு மணல் மூட்டையும் கொட்டாப்புளியும் வேண்டும். மேல் கீழ் ஓரம் 12 மி.மீ. உள்பக்கம் மடங்க வேண்டும். வளைவில் அந்த ஓரம் சுருங்க இடமில்லாமல் மடிப்பு விழும். மடிப்பின் மேலேயே அடித்தால் பிளக்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி வர வேண்டும். அடிக்க அடிக்க 304 இறுகும், விட்டால் திரும்பி நிமிரும். அதனால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே வளையுங்கள்.

வெல்டிங்கில் அவசரம் காட்டினால் அத்தனையும் கெடும். எவர்சில்வர் இரும்பை விட ஒன்றரை மடங்கு விரியும், சூடோ அதில் சீக்கிரம் பரவாது. ஒரு அங்குலத்துக்கு ஒரு டேக், அதாவது பொட்டு வெல்டு, போட்டு, பின்னால் செம்புப் பட்டை கொடுத்து, 308எல் கம்பியில் 40 முதல் 60 ஆம்பியருக்குள் விட்டு விட்டு ஓட்டச் சொல்லுங்கள். பின்பக்கமும் ஆர்கான் போக வேண்டும். போகாவிட்டால் தையலின் முதுகு சர்க்கரை பாகு கருகின மாதிரி பொரிந்து நிற்கும், அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். பிராக்கெட்டை முகத்தின் முதுகில் பற்றவைக்கக் கூடாது. பாலிஷ் ஏறியதும் அந்தப் புள்ளி முன்னால் குழியாகத் தெரியும். மடித்த ஓரங்களில் மட்டும் பற்றவையுங்கள்.

அனுப்பர்பாளையத்தில் கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுங்கள்: இரும்பு தேய்த்த வீல் இதில் படக்கூடாது. ஒட்டும் இரும்புத் தூள்தான் பிறகு துருப்புள்ளி. எமரி 80-ஆம் நம்பரில் தொடங்கி 120, 180, 240, 320, 400 வரை, ஒவ்வொன்றும் முந்தைய கோட்டுக்குக் குறுக்காக. கோடு முழுக்கப் போகாமல் அடுத்த எண்ணுக்குத் தாவினால் வெயிலில் நிறுத்தும்போது காட்டிக்கொடுக்கும். பிறகு நார் வீல், கடைசியில் பஞ்சு வீலும் சோப்பும். ஐந்தடித் துண்டு என்பதால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வீல் ஓரத்தை விட்டு வெளியே ஓடுகிற மாதிரி பிடிக்கணும். ஓரத்துக்குள் ஓடினால் கையிலிருந்து பிடுங்கி எறியும்.

ஓவர்ரைடருக்கு இரண்டு பாதியாகத் தட்டி ஒட்டுவதை விட, பித்தளையில் வார்த்து நிக்கலும் குரோமும் ஏற்றுவதே எனக்குப் பிடித்த வழி. வெளியில் நிற்கும் பொருளைக் காப்பது நிக்கல்தான், 25 மைக்ரானாவது கேளுங்கள். அதன் மேலுள்ள குரோம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. பழையதையே பேட்டர்னாக, அதாவது வார்ப்பு அச்சுக்கு மாதிரியாக, வைத்து மணலில் அழுத்தினால், பித்தளை ஆறும்போது 200 மி.மீ.க்குச் சுமார் 3 மி.மீ. சுருங்கிப்போகும். பேட்டர்ன் செய்பவரிடம் சொன்னால் அந்தச் சுருக்கத்தின் அளவைக் கூட்டித்தான் மரம் செதுக்குவார்.

பிராக்கெட்டை 5 மி.மீ. பட்டையோடு நிறுத்துங்கள். இடித்தால் வளைய வேண்டியது அது, சேசிஸ் இல்லை. சேசிஸில் எதையும் பற்றவைக்காதீர்கள். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கான 2021 விண்டேஜ் விதிகள் சேசிஸ், பாடி, இன்ஜினில் மாற்றமில்லாத மூல வடிவத்தைக் கேட்கின்றன. பம்பரோடு, முன்னால் மாட்டும் கம்பித் தடுப்பான புல் பார் ஆசையும் இருந்தால் விட்டுவிடுங்கள். 2017-லேயே மத்திய அமைச்சகம் அதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது.

துளைகளை 12-க்கு 20 மி.மீ. நீள்துளையாக, பாலிஷுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பொருத்தும்போது இரும்புப் பிராக்கெட்டுக்கு நல்ல பெயிண்ட், நடுவில் ரப்பர் வாஷர். எவர்சில்வர் போல்ட்டுக்குக் காப்பர் கிரீஸ் தடவாவிட்டால் நட் பாதியில் கடித்துக்கொண்டு நிற்கும், அறுத்துத்தான் எடுக்கணும். முக்கால் அங்குல மரத்துண்டுகளைப் பாடிக்கும் பம்பருக்கும் நடுவில் செருகி, எல்லா நட்டையும் கையால் திருகி, நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்கிக்கொண்டே போங்கள். கடைசி நட் இறுகிய பிறகு மரத்துண்டுகளை உருவுங்கள்.